ராமப்பையன் பாலம் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 5, வியாழன் – ராமநாதபுரம்

மதுரைக்காரர்களுக்குத் திருமலை நாயக்கர் என்றால் தூண்தான். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து மகாலுக்குக் கூட்டிப்போவார்கள். நாலைந்து பிள்ளைகள் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்ப்போம், கை எட்டாது, ஆசிரியை அதட்டுவார். எங்களுக்கு வரலாறு அவ்வளவுதான். அந்த மகால் எழுந்தது 1636-இல். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அதே அரசர் தன் தளவாய், அதாவது படைத்தளபதி, ராமப்பையனை ஒரு பெரும் படையோடு ராமநாதபுரத்துச் சேதுநாட்டின் மீது ஏவினார் என்பதும், அந்தச் சண்டை ராமேசுவரம் தீவுவரைக்கும் போனது என்பதும் எனக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. ராமப்பையன் அம்மானை என்ற பழைய கதைப்பாடலைப் போன மழைக்காலத்தில் படித்தேன். தீவுக்குள் ஒடுங்கிய சேதுநாட்டு அரசர் சேதுபதியைப் பிடிக்க ராமப்பையன் கடலில் கல் கொட்டிப் பாலம் போட்டாராம். அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

தனியாகக் கிளம்பத்தான் இருந்தேன். ராமேசுவரம் என்ற சொல் அத்தையின் காதில் விழுந்ததும், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடாமல் செத்துப்போய்விடுவேனோ என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி. பையில் மூன்று புடவை, ஒரு குடை, ஒரு டஜன் எலுமிச்சம்பழம். பழம் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பஸ்ஸில் மானாமதுரை, பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் மட்டும்தான். நடுவில் போகலூர் விலக்கு வரும், சேதுபதிகளின் பழைய தலைநகரம் அது, பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்று நினைத்தவள் தூங்கிப்போனேன். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விடுதியில் அறை 1,100 ரூபாய். கடல் தெரியும் என்று தொலைபேசியில் சொன்னவர்கள் ராமநாதபுரம் ஊருக்குள் கடல் ஏது என்று யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இரவு புரோட்டாவும் சால்னாவும். இந்த ஊர் குண்டு மிளகாயின் காரம் நாக்கில் தெரியாது, காதில் தெரியும். சாமியைப் பார்க்கும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்று அத்தை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை மட்டும் என் தட்டைவிட்டு அகலவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி – மண்டபம், பாம்பன்

காலை பத்து மணிக்கு ராமலிங்க விலாசம் அரண்மனை வாசலில் நின்றோம். பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. விசாரிக்காமல் கிளம்பியது என் தவறு. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றேன். “மதுரைக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்துவது இங்கே பழைய வழக்கம்” என்று சிரிக்காமல் சொன்னார். மனிதர் விவரமானவர்.

எழுபத்திரண்டு பாளையங்களில் சேதுபதிக்குத்தான் முதலிடம். அப்போது பட்டத்தில் இருந்தவர் சடைக்கன் சேதுபதி, தளவாய் சேதுபதி என்றும் சொல்வார்கள். அவருக்கு முன்னால் ஆண்ட கூத்தன் சேதுபதியின் மகன் தம்பி என்பவன், நாடு எனக்கு வரவேண்டியது என்று மதுரைக்கு முறையிட்டான். திருமலை நாயக்கர் அவன் பக்கம் சாய்ந்தார். பங்காளிச் சண்டையில் பெரிய இடத்தைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில்கூடத் தெரியும். மற்றப் பாளையக்காரர்களின் ஆட்களையும் திரட்டிக்கொண்டு ராமப்பையன் வந்தார். கரையில் நின்று சமாளிக்க முடியாத சடைக்கன், தன் ஆட்களோடு கடலைத் தாண்டித் தீவுக்குள் போனார். அவருக்காக வாளெடுத்து நின்றவன் மருமகன் வன்னியன். அம்மானையைப் படித்தால் வில்லன் யார், நாயகன் யார் என்றே குழப்பம் வரும். தலைப்பில் இருப்பவர் ராமப்பையன், மனத்தில் நிற்பவன் வன்னியன்.

மண்டபத்தில் பஸ் மாறினோம். தை மாதம் என்பதால் வழியெல்லாம் பனங்கிழங்கு. ஒரு கட்டு 50 ரூபாய், அவித்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்திருந்த அந்தக் கிழங்கை உரித்து, நார் இழுத்து, நடுவில் இருக்கும் குருத்தைத் தனியே எடுத்து அத்தை எனக்குக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு வயதிலும் குருத்து எனக்குத்தான்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் காற்று அடிக்கவில்லை, தள்ளியது. குடையை விரிக்காதே என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை விரித்துவிட்டாள். அது தாமரை மாதிரி மேல்நோக்கி மலர்ந்து, இரண்டு கம்பி முறிந்து, பிறகு மடங்கவே இல்லை. பயணம் முடியும்வரை அதைச் செத்த கொக்கு மாதிரி கையில் தூக்கிக்கொண்டு திரிந்தோம். கீழே பக்கவாட்டில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், ஓய்வுபெற்றுவிட்டது. அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதியது. நடுவில் செங்குத்தாக மேலே ஏறி இறங்கும் தூக்குப்பாலத்தின் நீளம் 72 மீட்டருக்குச் சற்று அதிகமாம். பாளையங்களின் எண்ணிக்கை இங்கேயும் என்னைத் துரத்துகிறது.

பாலத்தின் இடது கைப் பக்கம் தண்ணீர் தகடு மாதிரி கிடந்து பச்சையாகத் தெரிந்தது. வலது கைப் பக்கம் நீலம், சிறு சிறு சுருக்கம். இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல் என்று பாம்பனில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் சொன்னார். இரண்டு கடலும் பாலத்துக்கு அடியில்தான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. ஒரு வல்லம், மீன்பிடிப் படகு, அந்த இடத்துக்கு வந்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. முன்னேறுகிற மாதிரி தெரிந்தது, ஆனால் கரையில் இருந்த கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் முன்முனையான அணியத்தில் நின்ற பையன் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், நாற்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு திடீரென்று யாரோ விட்டுவிட்ட மாதிரி வல்லம் வடகடலுக்குள் பாய்ந்தது.

வலைக்காரரிடம் ராமப்பையன் பாலம் எங்கே இருந்தது என்று கேட்டேன். “ராமர் பாலமா? அது அரிச்சல்முனையில், தங்கச்சி.” அவரல்ல, ராமப்பையன், மதுரைப் படைத்தளபதி, கல் போட்டுப் பாலம் கட்டியவர் என்றேன். அவர் வலையை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். இந்த ஓட்டத்தில் கல் நிற்பதே பெரிது, நின்றாலும் ஒரு வாடைக்குத் தாங்கும், அடுத்த கச்சானுக்குத் தாங்காது என்றார். வாடையும் கச்சானும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளும் காற்றுகள். 385 வருஷங்களுக்கு அது எத்தனை முறை என்று மனத்தில் கணக்குப் போட்டேன். போதாததற்கு, கப்பல் போகவேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இந்தக் கால்வாயில் வெடி வைத்துப் பாறைகளைத் தகர்த்து ஆழமாக்கினார்கள். நீர் வற்றிய ஓரத்தில் தட்டைத் தட்டையாகப் பாறைகள் தெரிந்தன. அதில் எது கடவுள் போட்டது, எது தளவாய் போட்டது, எது வெடித்துச் சிதறியது என்று கேட்டால் நண்டுதான் பதில் சொல்லவேண்டும்.

கரையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. சேதுபதி என்றால் சேதுவுக்குக் காவலன். அந்தக் காவலனைப் பிடிக்க எதிரி ஒரு புதிய சேதுவைக் கட்டுகிறான். தீவில் இருந்தவர்கள் தினமும் விடிந்ததும் அதைத்தானே பார்த்திருப்பார்கள்? நேற்றைக்கு அங்கே இருந்தது, இன்றைக்கு இத்தனை பாகம் கிட்டே வந்திருக்கிறது. கோட்டைச் சுவரை இடிக்கிற சத்தத்தைவிட இது கொடுமை.

பாலம் மட்டும் போதவில்லை. வன்னியன் கடல் வழியாகவும் அடித்தான் என்பதால் நாயக்கர் பறங்கியரைக் கூப்பிட்டார். போர்த்துகீசியர் கப்பல்களோடு வந்தார்கள், சும்மா அல்ல. பாம்பனில் கோட்டை, ராமேசுவரத்தில் தேவாலயம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தரையில் பாளையங்கள், தண்ணீரில் பீரங்கிக் கப்பல்கள், நடுவில் மணல் திட்டு மாதிரி ஒரு தீவு.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அம்மானை என்றா சொன்னாய்?” கீழே குனிந்து மூன்று கூழாங்கற்களைப் பொறுக்கினாள். ஒன்றை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் அடுத்ததை எறிந்து, மூன்றும் அவள் முகத்துக்கு முன்னால் வட்டமாகச் சுழல ஆரம்பித்தன. வாய் ஏதோ முணுமுணுத்தது, சொல் இல்லை, தாளம் மட்டும். நாற்பது வருஷங்களுக்கு மேல் இந்த மனுஷியோடு பழகுகிறேன், அவளுக்கு அம்மானை ஆடத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. வலைக்காரர் பிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முழங்கால் வலியும் கொஞ்ச நேரத்துக்கு நின்றிருக்கவேண்டும்.

மதியம் மீன் சாப்பாடு 150 ரூபாய், சீலா வறுவல் ஒரு துண்டு 120. அத்தைக்கு மோர்ச் சோறு. கடைக்காரம்மா அவளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கிண்ணம் சுண்டவத்தல் வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 7, சனி – ராமேசுவரம், அரிச்சல்முனை

தீர்த்தமாடலைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். விடிகாலை ஐந்தரைக்கு வாளித் தண்ணீர் தலையில் விழும்போது அத்தை ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டாள், செத்துப்போன உறவினர் பெயர்கள். பதினெட்டாவதில் பெயர் தீர்ந்துவிட்டது. மீதி நான்கை, இன்னும் உயிரோடு இருக்கும் என் மாமனார் வீட்டாருக்கு எழுதினாள். பத்தொன்பதாவதில் நான் வழுக்கி விழுந்தேன், முட்டியில் சிராய்ப்பு. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்து தூக்கிவிட்டார். வெளியே வந்தால் அத்தையின் செருப்பில் ஒன்றைக் காணோம். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான்?

பிரகாரத்தில் சேதுபதிகளின் சிலைகள் கைகூப்பி நிற்கின்றன. வன்னியனைத் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

சாமி பார்த்தாயிற்று. ஒன்பது மணிக்கே அத்தை மீன் கேட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கிடைத்தது. நண்டுக் குழம்பும் கணவாய் வறுவலும், இரண்டு பேருக்கு 540 ரூபாய். நண்டின் காலைக் கடித்து உறிஞ்சிய சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டது. இரண்டு நாள் விரதத்துக்கு வட்டியும் முதலுமாக வசூலித்தாள்.

ராமப்பையன் பாலத்தைப் பற்றி ஆட்டோக்காரரிடம் மறுபடியும் கேட்டது என் புத்திக்கெட்ட வேலை. தெரியும், காட்டுகிறேன் என்றார். 1,200 கேட்டவரை 900-க்கு இறக்கினேன். இருபது நிமிடம் ஓட்டியபிறகுதான் இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வருவதைக் கவனித்தேன். அரிச்சல்முனைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “இதோ, இங்கிருந்துதான் ராமர் பாலம்.” சண்டை போட வாய் வரவில்லை. அவர் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. “பையன்” என்பதை மட்டும் காற்று கொண்டுபோயிருக்கும்.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு எஞ்சிய தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் சங்கு மாலை விற்கிறார்கள். வெயில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டாது, ஆனால் மணல் கண்ணில் அறைந்தது. முனையில் நின்றபோது, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஒரு செருப்போடு வெளிநாடு போன முதல் ஆள் தான்தான் என்றாள் அத்தை.

திரும்பும் வழியில் மீதிக் கதையைச் சொன்னேன். சண்டையில் வன்னியனைச் சாய்க்க ராமப்பையனால் முடியவில்லை, பறங்கியராலும் முடியவில்லை. தீவில் அவனுக்கு வைசூரி கண்டது. அதில் செத்தான். அவன் போனதும் சடைக்கனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று, சரணடைந்தார், மதுரைச் சிறைக்கு விலங்கோடு போனார். அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “பெயரைச் சொல்லாதே. அம்மா வந்து அழைத்துக்கொண்டாள் என்று சொல்.” ஆட்டோக்காரரும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது, அந்தப் பெயரைச் சொல்ல இன்னும் பயம். அவ்வளவு பெரிய படைக்கு யாரும் பயந்ததாக இந்த மூன்று நாளில் நான் கேள்விப்படவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “அவனுக்கு வேப்பிலை போட்டார்களாமா?” பாட்டில் அது எனக்கு நினைவில்லை என்றேன். இந்த மணலில் வேம்பு எங்கே இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தங்கச்சிமடம்வரை சாலையோரம் வேப்பமரத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினேழு.

பிப்ரவரி 8, ஞாயிறு – மறுபடியும் ராமநாதபுரம்

கதவு திறந்திருந்தது. பெரியவரைக் காணவில்லை.

ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களுக்காக மட்டும் இந்த ஊருக்கு வரலாம். கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம், சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். ராமாயணம் இருக்கிறது, ராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சி இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் தொப்பியோடு வந்து நிற்பது இருக்கிறது, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது. அதில் குதிரைக் கால்களுக்கு நடுவே ஒரு வீரன் முகம், கண் மட்டும் பெரிதாக, நம்மையே பார்க்கிறது. படம் தீட்டியவர்களுக்குத் தோற்ற போரை எழுதச் சொல்லிக் கூலி கிடைக்காது. அது அம்மானை பாடியவர்களின் வேலை.

தோற்றது என்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நாடு தம்பியின் கைக்கு வந்தும் அவனால் ஆள முடியவில்லை. சேது யாத்திரை வருபவர்கள் வழியில் பாதுகாப்பில்லை என்று மதுரைக்குப் போய் முறையிட்டார்கள். கடைசியில் நாயக்கரே சடைக்கனை விடுவித்து அனுப்பிவைத்தார். எதற்காக அத்தனை கல் கொட்டினார்களோ! 1645-இல் அதே தம்பி சடைக்கனைக் கொன்றான். நாடு மூன்றாகப் பிளந்து, பிறகு ரகுநாத சேதுபதியின் கையில் ஒன்றுசேர்ந்தது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் போனதும் மைசூர்ப் படை, பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தது. நாயக்கர் நோயில் படுத்திருந்தார். எங்கள் ஊரைக் காப்பாற்ற யாருக்கு ஓலை போனது என்று நினைக்கிறீர்கள்? ராமநாதபுரத்துக்குத்தான். ரகுநாதர் வந்தார், மைசூர்க்காரர்களைத் துரத்தினார், திருமலை சேதுபதி என்று நாயக்கரின் பெயரையே பட்டமாகப் பெற்றார். அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராஜராஜேசுவரி அம்மனும் அப்போது நாயக்கர் கொடுத்தது என்பார்கள். எங்கள் பள்ளிச் சுற்றுலாவில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. தூணைத் தொடாதே என்றுதான் சொன்னார்கள்.

அத்தை அம்மன் சன்னிதியில் நான்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ராமேசுவரத்தில் ஐந்து போயிருந்தது. மிச்சம் மூன்று.

இரண்டரை மணி பஸ். கூட்டம் இல்லை. ஜன்னலோரம் பிடித்துக்கொண்டேன், இந்த முறை தூங்கக்கூடாது. போகலூர் விலக்கு வந்தால் சொல்லுங்கள் என்று நடத்துநரிடமும் சொல்லிவைத்தேன். அங்கே யார் சொந்தக்காரர் என்று கேட்டு ஒரு மாதிரி பார்த்தார். சத்திரக்குடி நெருங்கும்போது அத்தை மூன்று பழத்தையும் எடுத்து ஆட ஆரம்பித்தாள். முன் சீட்டுச் சிறுமி திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு எண்ணினாள். ஓட்டுநர் ஓர் ஆட்டுக்காக பிரேக் போட்டார். இரண்டு பழம் அத்தையின் மடியில் விழுந்தது, ஒன்று சீட்டுகளுக்கு அடியில் உருண்டு முன்பக்கம் ஓடியது. சிறுமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குனிந்து தேடினோம். டயர் மேட்டுக்குப் பக்கத்தில், யாரோ ஒருவரின் பைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நடத்துநர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

“போகலூர் விலக்கு போய்விட்டதே, அக்கா.”